குந்தியிருந்த பறவைகள்

கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவருடைய தொழில். கேட்டால் சுகமான தொழில் போலத் தோன்றும். இருபது பேர் கயிறு இழுத்துக் கை வெடித்துக் கிடக்கும்போது, ஒரு மனிதர் மட்டும் மணல்மேட்டில் தாழை நிழலில் இருந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பறவை பார்க்கிறார் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கு நன்றாகவே எரிந்தது. நான் அந்த இருபது பேரில் ஒருவன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையின் ஒரு பாதிதான் தெரியும். மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அம்மான் என்றுதான் கூப்பிட்டோம். சொந்தத்தில் யாருக்கும் அவர் அம்மான் இல்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம். மாசி பிறந்ததும் எங்கள் சம்மாட்டியார், அதாவது வலைக்குச் சொந்தக்காரர், பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வலையையும் எங்களையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மணற்காட்டுக் கரைக்குப் போய்விடுவார். அங்கே கிடுகால் வேய்ந்த வாடியில் சமைத்து, சாப்பிட்டு, படுத்து, ஆறு ஏழு மாதம் கரைவலை இழுப்போம். எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கடலுக்கு வந்தவன் நான். கலியாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. 'கிளாக்கர் வாறார், விலத்துங்கோ' என்று கயிற்றடியில் என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வலையோடு தோணியைத் துடுப்பால் வலித்துக்கொண்டு போக வேண்டும். கடலை அரைவட்டமாக வளைத்து வலையை இறக்கி, மற்றக் கயிற்றோடு கரைக்குத் திரும்ப வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேராக நின்று இழுக்க வேண்டும். கயிறு விட்டபடி போன தோணி வெறுமனே திரும்பாது. போனால் வளைத்தே தீர வேண்டும், வளைத்தால் இழுத்தே தீர வேண்டும். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழுவை ஒன்றுதான். ஆகவே எந்த நேரம் தோணியைத் தள்ளுவது என்று சொல்கிறவருடைய வாயில்தான் எங்கள் முதுகு இருந்தது.

அவர் வாயால் சொல்லவும் மாட்டார். தலையில் ஒரு சிவப்புத் துவாய் கட்டியிருப்பார். அதைக் கழற்றி, இடது கையால் கம்பு ஒன்றில் மாட்டித் தூக்குவார். தெற்கே சாய்த்தால் தெற்கு, வடக்கே சாய்த்தால் வடக்கு. வலது தோள் இளவயதில் துடுப்புத் தண்டு வலிக்கும்போது மூட்டு விலகிப் பிறகு சரிவரப் பொருந்தவில்லை. அந்தக் கையால் வெற்றிலை மடிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் ஏலாது. அதனால்தான் மேட்டுக்குப் போனார். அந்தக் கரையில் அடுத்தடுத்து இருந்த வலைக்காரர் எல்லோருக்கும் அந்தச் சிவப்பைத் தெரியும். துவாய் தலையிலிருந்து கழன்றால் சோறு தின்கிறவனும் கையை உதறிக்கொண்டு எழும்புவான். தலையில் இருக்கும்வரை ஒருவனும் அசைய மாட்டான்.

அவர் வருஷத்தில் ஒரு தரம்கூடப் பிழையாகத் துவாய் தூக்கியதில்லை என்று ஊரே சொல்லும். அவரும் அதைக் காதில் விழாதது போல நின்று கேட்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்ப்பார், கொஞ்ச நேரம் போக மாற்றுவார். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் செலவழிக்கப்படாதாம். ஆலாக்கள் எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், வெள்ளையாக வந்து கீச்சிடும் பறவைகள். அவருக்கு அப்படி இல்லை. தலையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு அந்தரத்தில் நின்றால் மீன் ஆழத்தில். விழுந்து எழும்பி, பறந்தபடியே விழுங்கினால் நெத்தலி. சரிந்து விழுந்தால் கூட்டம் ஓடுகிறது, பொறு. நாலைந்து தரம் விழுந்து எழும்பும்வரை அவர் கை தலைக்குப் போகாது. நாங்கள் கீழே நின்று பொறுமை கெட்டுக் கத்துவோம். திரும்பியே பார்க்க மாட்டார்.

கடற்காகங்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. பெயர்தான் காகம், அதுவும் வெள்ளைப் பறவைதான். ஆலாவைப் போல அது பாய்ந்து விழுந்து பிடிக்காது. தண்ணீரில் குந்தியிருந்து கிடைத்ததைத் தின்னும். மாசி பங்குனியில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். யாராவது புதியவன் அதைக் காட்டி, "அம்மான், அங்கை பறவை" என்று துள்ளினால் அவருக்குக் கோபம் வரும்.

"உது குந்தியிருக்குது. குந்தினதுக்கு வலை விடுறேல்லை. செத்தது, ஊறினது, கப்பல்காரன் எறிஞ்சது எண்டு ஏதும் கிடக்கும். போய்ப் பேசாமல் இரு."

ஒரு வருஷம் பறவை பார்க்கவென்றே ஒரு வெள்ளைக்காரத் துரை அந்த மேட்டுக்கு வந்தார். குடை பிடிக்க ஓர் ஆள், இங்கிலீசைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு கந்தோர்க் கிளாக்கர், கழுத்தில் தூரக்கண்ணாடி. பொழுதைப் போக்கப் பறவை பார்க்கிற மனிதரை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஏறிப் போய் அவரைச் சுற்றி நின்றோம். துரை ஒவ்வொரு பறவையாகக் காட்டிப் பெயர் கேட்டார். அம்மான், "உது சூடைக்கு விழுகிறது, உது நெத்தலிக்கு விழுகிறது, உது சும்மா திரியிறது" என்று சொல்லச் சொல்லத் துரை புத்தகத்தில் எழுதினார். என்ன எழுதினாரோ தெரியாது. கடைசியில் சந்தோஷப்பட்டுத் தூரக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். அம்மான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பறவை கிட்ட வருது, கடல் போயிட்டுது. துரைக்குப் பறவை மட்டும் போதும். எனக்குக் கடலும் வேணும்."

நாங்கள் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் மாசியில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முந்தின நாள் மூன்று வலை இழுத்திருந்தோம். மூன்றும் கனம். சூடை மீனும் கீரி மீனும் வலையின் மடி நிறைய. எனக்கு உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, விரலை மடக்க முடியவில்லை. விடிந்ததும், யாராவது அம்மானுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டும் என்றபோது, கயிறு துவைப்பதிலிருந்து தப்பலாம் என்று நானே செம்பையும் பனங்கட்டித் துண்டையும் வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அங்கே கிழக்குப் பார்த்த கரை. காலை வெயில் கண்ணுக்குள் நேரே அடித்தது.

அம்மான் தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில், வலை எட்டுகிற இடத்தில்தான், கடற்காகங்கள் நாற்பது ஐம்பது குந்தியிருந்தன.

"தம்பி, உன்ரை கண் இளங்கண். உதுகளுக்கு நடுவிலை கறுப்பாய் ஒண்டு தெரியுதோ?"

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான். தண்ணீர் தகதகத்தது. ஏதோ கறுப்பாகத் தெரிந்தது என்பதும் உண்மை. என் மனம் முழுக்க ஒரே ஒரு நினைப்புத்தான்: இந்த மனிதர் இப்போது துவாயைக் கழற்றப்படாது.

"மரக்கட்டை அம்மான்."

"வடிவாய்ப் பாத்தனியோ? நல்லாய்ப் பாத்தனியோ?"

"ஓம்."

அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். கை ஒரு தரம் தலைக்குப் போய், துவாயின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. "குந்தினதுக்குப் போறேல்லை" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். நான் இறங்கிப் போய் வாடிக்குள் படுத்தேன். அன்று காலை எங்களுக்கு நல்ல ஓய்வு. மற்றவர்கள் கடதாசி, அதுதான் சீட்டு, விளையாடினார்கள். நான் நித்திரை கொண்டேன்.

உச்சிவெயில் நேரம், வடக்கே போன பாய்த்தோணி ஒன்று திடீரென்று எங்கள் கரைக்குத் திரும்பியது. அதில் இரண்டு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணனும் தம்பியும். தெற்கே இரண்டு கட்டை தள்ளி இருந்த வாடிக்காரர். விடியப்புறம் அவர்களுடைய வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. பிடித்த மீனெல்லாம் சிதறி மிதந்திருக்கிறது. அதைத் தின்னத்தான் கடற்காகங்கள் வந்து குந்தியிருந்தன. நான் மரக்கட்டை என்று சொன்னது கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பக்கம். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கிடந்திருக்கிறார்கள்.

தம்பிக்கு உயிர் இல்லை. பத்தொன்பது இருபது வயதிருக்கும். அண்ணனுக்குத் தண்ணீர் பருக்கினோம். அவன் எங்களுடைய மேட்டைத்தான் பார்த்தான்.

"சிவப்பு தெரிஞ்சுது. தம்பிதான் முதல் கண்டவன். அண்ணை, அங்கை துவாய்க்காரர் நிக்கிறார், இப்ப கழட்டுவார் எண்டான். கழட்டுவார், கழட்டுவார் எண்டு பாத்துக்கொண்டே கிடந்தம். வெயில் ஏறினாப் பிறகுதான் அவன் கையை விட்டவன்."

அம்மான் எனக்குப் பக்கத்தில் நின்றார். துவாய் தலையில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று காத்து நின்றேன். அவர் துவாயைக் கழற்றி, அந்தப் பெடியனுடைய முகத்தில் ஒட்டியிருந்த மணலை மெல்லத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தலையில் கட்டவே இல்லை. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு மேட்டில் இருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கண் இருந்தும் குருடன் என்றார்கள். செத்தவீட்டுக்குப் போய்ப் வாசற்படலைக்கு வெளியே நின்றுவிட்டு வந்தாராம். வாடியிலும் முதுகுக்குப் பின்னால் கதைத்தார்கள். நான் அந்தக் கதையில் சேர்ந்துகொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. பயம்தான். கயிற்றடியில் நின்று அவர்களுடைய முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று தெரியத் தெரிய, பயம் குறைந்து வெட்கம் கூடியது.

அதோடுதான் எங்களுக்குச் சனி பிடித்தது. எங்கே இரண்டு கடற்காகம் குந்தினாலும் அவர் துவாயைத் தூக்கத் தொடங்கினார். ஆலா விழுகிறதோ இல்லையோ, அது வேறு. குந்தினால் தூக்கினார். நாங்கள் தோணியைத் தள்ளி, ஒரு கட்டை தூரம் வலித்துப் போய்ப் பார்த்தால் தென்னோலை ஒன்று மிதக்கும். இன்னொரு நாள் ஊறிப்போன பலகை. இன்னொரு நாள் கூழ்போல மிதக்கும் சொறிமுட்டைக் கூட்டம், தொட்டால் அரிக்கும். உடம்பெல்லாம் கடித்ததுதான் மிச்சம். போனதற்கு வலையை வளைத்து இழுப்போம். வலையின் மடியில் பாசியும் நாலு காரல் மீனும் வரும். ஒரு கிழமையில் ஐந்து வெறுவலை. கயிறு தோளை அறுத்தது. இழுக்கும்போது முன்பெல்லாம் பாட்டுப் பாடுவோம், அதுவும் நின்றுவிட்டது. கரையில் மீனுக்குக் காத்திருந்த கடகக்காரப் பெண்கள்கூட எங்களைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். ஒவ்வொரு தரம் தோணி திரும்பும்போதும் அவர் மேட்டிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீர்வரை வந்து கேட்பார்.

"என்ன கிடந்தது?"

"ஓலை!" என்று யாராவது எரிந்து விழுவான்.

"ஓலையோ? நல்லது, நல்லது."

நல்லது என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பின்னேரம் சம்மாட்டியார் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். அம்மானைவிட வயதில் குறைந்தவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணை, உங்களிலை பிழை சொல்லேல்லை. ஆனால் பெடியள் வலிச்சுச் செத்துப்போறாங்கள். நீங்கள் கொஞ்ச நாள் வாடியிலை இருங்கோ. மேட்டுக்கு வேறை ஆளை விடுறன்."

அம்மான் துவாயை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் நான் எழும்பி, 'அன்றைக்குக் கட்டை என்று சொன்னது நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. என் கையைப் பார்த்தேன், காய்ந்து வெடித்திருந்தது. நாளைக்கு வெறுவலை இழுக்கத் தேவையில்லை என்று அந்தக் கணத்திலும் ஒரு சந்தோஷம் உள்ளே ஓடியது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் வாடியில் இருக்கவில்லை. விடிந்ததும் கரையில் போட்டிருந்த கட்டுமரத்தடியில் போய் நிற்பார். எங்காவது கடற்காகம் குந்தியிருந்தால், வலைவேலை இல்லாத யாரிடமாவது, "ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டிவிடு மோனை" என்பார். ஒற்றைக் கையால் அவரால் துடுப்புப் போட முடியாது. முதல் இரண்டு நாள் பகிடிக்கு யாரோ கொண்டுபோனார்கள். பிறகு எல்லோரும் ஒளித்தார்கள். அதற்குப் பிறகு நான் கொண்டுபோகத் தொடங்கினேன். அம்மான்மேல் கிளாக்கருக்கு, அதாவது எனக்கு, நல்ல பட்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்சமும் இல்லை, மண்ணும் இல்லை. சித்திரை பிறந்தால் கடற்காகங்கள் போய்விடும் என்று நாளை எண்ணிக்கொண்டுதான் துடுப்புப் போட்டேன்.

பங்குனி முடிய நாலைந்து நாள் இருக்கும். அன்று பின்னேரம் ஒரு கூட்டம் குந்தியிருந்தது, வழமையைவிடத் தூரத்தில். காலையில் இரண்டு வலை இழுத்துவிட்டு, சோறும் தின்னாமல் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். கிட்டப் போகப் போக நடுவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. உருண்டு, மேலே வளைந்து. என் கை தானாக நின்றுவிட்டது. அவர் இருந்த இடத்திலிருந்து எழும்பி நின்றார், கட்டுமரம் ஆடியது.

"போ" என்றார். "நிப்பாட்டாதை."

கடற்காகங்கள் கலைந்து எழும்பின. ஆமை. பெரிய ஆமை ஒன்று செத்து, ஊதி, மல்லாந்து கிடந்தது. நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தினேன். அவர் குனிந்து இடது கையால் அதை ஒரு தரம் பிரட்டிப் பார்த்தார். அதற்குக் கீழே வேறொன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் இருந்தார்.

"ஆமை" என்றார். "நல்லது."

அந்த 'நல்லது' எனக்கு அன்றுதான் விளங்கியது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டேன்.

"அம்மான், அண்டைக்கு நான் வடிவாய்ப் பாக்கேல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? உங்களை அல்லோ எல்லாரும் பேசுறாங்கள்."

அவர் கையைக் கடல்தண்ணீரில் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார்.

"என்னத்தைச் சொல்லுறது? மூண்டு வலை இழுத்துப்போட்டுக் கை வெடிச்சு வந்து நிக்கிறாய். உன்னட்டைக் கேட்டால் கட்டை எண்டுதான் சொல்லுவாய் எண்டு தெரிஞ்சுதான் உன்னட்டைக் கேட்டனான். நீ போனாப் பிறகு சம்மாட்டியாரும் மேலை வந்தவர். அவரைக் கேட்டிருந்தால், எதுக்கும் ஒருக்கால் போய்ப் பாப்பம் எண்டிருப்பார். கேக்கேல்லை. குந்தின பறவைக்குத் துவாய் தூக்கி, வெறுவலை வந்தால் என்ரை பேர் போயிடும் எண்டு நினைச்சனான். எனக்கு ஒராள் கட்டை எண்டு சொல்ல வேணும் போலை கிடந்தது. நீ சொன்னாய்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்காக வந்ததா, எனக்காகவா, அந்தப் பெடியனுக்காகவா என்று தெரியாது. என் பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் தன்னுடைய பாரத்தையும் என் மடியில் வைத்துவிட்டார். ஆமை எங்களைவிட்டு மெல்ல விலகிப் போனது. கரையில் வாடிப் புகை தெரிந்தது, சோறு ஆக்குகிறார்கள். எனக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது, பசியும் இருந்தது. துடுப்பை எடுத்துக் கட்டுமரத்தைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்காலையும் ரெண்டு மூண்டு குந்தியிருக்கு."

நானும் பார்த்தேன். வெயில் மேற்கே சாய்ந்திருந்ததால் கண் கூசவில்லை. மூன்று கடற்காகங்கள். நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்கு வடிவாகத் தெரிந்தது.

"ஓம் அம்மான்" என்று சொல்லி, வடக்கே திருப்பினேன்.